உரிமதாரர் நதீம் தவறாமல் பதிலளிக்கிறார்

உயிரோடிருப்பவன் தன்னை உயிரோடிருப்பவன் என்று மெய்ப்பிக்கப் படுகிற பாட்டைப் பற்றி இந்த நாட்டின் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. செத்தவன் தன்னைச் செத்தவன் என்று மெய்ப்பிக்க வேண்டி வந்தால் என்ன பாடு படுவான் என்பதை யாரும் பேசவில்லை. காரணம் எளியது. செத்தவனுக்கு மேடை கொடுப்பார் இல்லை. கொடுத்த நிறுவனம் ஒன்றே ஒன்று: அடையாற்றில் மூன்றடுக்குக் கட்டடத்தில் இயங்கிய மின்மடல் நெறிகாட்டு வாரியம். மேடையும் கொடுத்து, பொன்னாடையும் போர்த்தியது. அந்த வரலாறு இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு. ராயப்பேட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெரு ஒன்றில், மாடி வீட்டில் வஜீஹா குடியிருந்தாள். தெருவைப் பார்த்த அறையில் ஒரு கணிப்பொறி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி. இம்மூன்றையும் கொண்டு அவள் கணவர் நதீம் தம் வீட்டிலேயே ஒரு சின்ன மடல் நிலையம் அமைத்திருந்தார். நாளுக்கு நான்கு முறை அது தானாகவே எண்ணைச் சுழற்றி, கிறீச்சிட்டுக் கத்தி, வெளியுலகத்தோடு பேசி, வந்த மடல்களை வாங்கிப் போக வேண்டியவற்றை அனுப்பி வைக்கும். ஊருக்குள் இருப்பவர்கள் எந்நேரமும் நேரே அதன் எண்ணை அழைத்து மடல் போடலாம். மயிலாப்பூர் வாத்தியார் முதல் நொச்சிக்குப்பத்து மீன் ஏற்றுமதிக் குமாஸ்தா வரை இருபத்து நான்கு வீடுகளின் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் வெளிநாட்டிலிருந்து பேசினார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி எழுதுவார்கள். வஜீஹா அச்சடித்து, மடித்து, உரியவரிடம் சேர்ப்பாள்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை, தியாகராய நகருக்குப் போய் ஒரு பேட்டரி வாங்கி வருவதாக நதீம் கிளம்பினார். திரும்பும்வரை எழுதுகிறவர்கள் காத்திருக்க வேண்டுமே என்று, தாமே எழுதிய ஒரு சிறு நிரலை முடுக்கிவிட்டுப் போனார். அவருக்கு யார் மடல் எழுதினாலும் ஒரு நிமிடத்தில் அது பதில் சொல்லும்: "கடுதாசி கிடைச்சுது. கொஞ்சம் கைவேலையா இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள பதில் போடறேன். நதீம்."

மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில், மடியில் புதுப் பேட்டரியோடு மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

வஜீஹா அந்த நிரலை நிறுத்தவில்லை. கணவரை இழந்தவளாக இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல், அந்த இயந்திரத்தைத் துடைத்து, உறங்கிப்போனால் எழுப்பி, மடல்களைப் பிரித்து, வேலையைத் தானே கற்றுக்கொண்டாள். மதியச் சோறு முடிந்ததும் கணவருக்கு ஒரு வரி எழுதுவாள். இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பாள். உங்கள் பழுப்புச் சட்டையில் பொத்தான் தைத்துவிட்டேன் என்பாள். ஒரு நிமிடம் கழித்து, கைவேலையாக இருப்பதாகப் பதில் வரும். அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பதில் சொல்வது இயந்திரம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே அந்த ஒரு நிமிடத்துக்காகத் தினமும் காத்திருந்தாள்.

இத்தா முடிந்த மறுநாள், நிலையம் நடத்த வாரியம் தந்திருந்த உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அடையாற்றுக்குப் போனாள். வாரியத்தின் செயலாளர் ஜெயலக்ஷ்மி இறப்புச் சான்றிதழை இரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது கார்ப்பரேஷன் குடுத்தது."

"ஆமாங்க மேடம்."

"மரணம்ங்கறது கார்ப்பரேஷனோட அபிப்பிராயம்மா. அவங்க அபிப்பிராயத்தை நாங்க மதிக்கறோம். ஆனா வாரியத்துக்குன்னு ஒரு அளவுகோல் இருக்கு இல்லையா? விதி பதினாலு. நோட்டீசுக்குப் பதில் போடறவர் உயிரோட இருக்கறவர். போடாதவர் இல்லாதவர். உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்குக் காலைல பத்து நாலுக்கு எழுதினோம். பத்து அஞ்சுக்குப் பதில் வந்தாச்சு."

"அது மிஷின் மேடம். அவரு வெளிய போறப்ப வச்சிட்டுப் போனது."

ஜெயலக்ஷ்மி முகத்தில் பரிவு பரவியது. "உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு பாருங்க. எங்ககிட்ட நூத்திப் பன்னெண்டு உரிமதாரர் இருக்காங்க. நூத்திப் பதினோரு பேர் எங்க நோட்டீசைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. ரூல்படி அவங்கதான் செத்தவங்க. இருக்கறது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரையும் நீங்க எடுத்துண்டு போயிட்டா, வாரியம் யாருக்காகம்மா நடக்கும்?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொன்னால் கட்டடத்தையே பூட்ட வேண்டியிருக்கும். சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதன் பிறகு வாரியத்துக்கு நதீம் மீது பிரியம் வளர்ந்தது. சுற்றறிக்கை அனுப்பினால் ஒரு நிமிடத்தில் பதில் போடும் மனிதரை அது கண்டதேயில்லை. அவரை ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக்கினார்கள். தனியார் மடல்கள் அனைத்தையும் சேர்ப்பிப்பதற்கு முன் வாரியம் பிரித்துப் படிக்கலாமா என்று குழுவின் கருத்தைக் கேட்டார்கள். உறுப்பினர் நதீம் தமக்குக் கைவேலை இருப்பதாகவும் சாயங்காலம் எழுதுவதாகவும் தெரிவித்தார். "உறுப்பினருக்கு ஆட்சேபணை இல்லை எனக் கொள்ளப்பட்டது" என்று குறிப்பேட்டில் ஏறியது. வாரியத்தின் மடல்களுக்கு எல்லா நிலையங்களிலும் முதலிடம் தர வேண்டும், மற்ற மடல்கள் பின்னால் நிற்க வேண்டும் என்றொரு விதியும் அவ்வாறே நிறைவேறியது. மக்களாட்சியில் ஒரு பிணத்தின் வாக்கால் சட்டம் நிறைவேறுவது புதிதல்ல. அதன் கருத்தையும் கேட்டு எழுதியதுதான் புதிது.

ஆகஸ்டில் பாராட்டு விழா. முன்மாதிரி உரிமதாரர் விருது. வஜீஹாவுக்கும் அழைப்பு வந்தது, "பார்வையாளர்" என்று. மேடை நடுவே ஒரு நாற்காலி. அதன்மீது யாருமில்லை. ஜெயலக்ஷ்மி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நண்பர் நதீம் தன்னடக்கத்தின் திருவுருவம். இன்று அவர் வரவில்லை. வராதிருப்பதே அவருடைய பண்பு. அவர் எதையும் மறுத்ததில்லை. எதற்கும் விளக்கம் கேட்டதில்லை. நம் கதவைத் தட்டியதில்லை. நம் நாற்காலிகளில் அமர்ந்து நம் நேரத்தை வீணாக்கியதில்லை. நாட்டின் குடிமக்கள் அனைவரும் அவர் இருக்கும் நிலையை எய்திவிட்டால், நிர்வாகம் எவ்வளவு செம்மையாக நடக்கும்!"

கைதட்டல் எழுந்தது. பொன்னாடையை நாற்காலியின் முதுகில் போர்த்தினார்கள். சரிகை மடிப்பு இரு தோள்கள் போல் எழும்பி நின்றது. மின்விசிறிக் காற்றில் அந்தத் தோள்கள் ஏறி இறங்குவதை மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்த வஜீஹா இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். விழா முடிந்து, துணியையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். அவரே வந்து கையெழுத்திட்டுப் பெற வேண்டும் என்றார்கள். நாற்காலி அங்கேயே இருந்தது. கூட்டிப் பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்கினார்கள். கடைநிலை ஊழியர்கள் கடக்கும்போது குனிந்து கடந்தார்கள்.

அடுத்த வாரம் ஆய்வு. ஆய்வாளர் ராஜகோபாலன் கையில் விதிப்புத்தகத்தோடு முன்னால் ஏறி வந்தார். ஐம்பது வயது, நெற்றியில் திருமண் கீற்று. பின்னால் பியூன் சாய்நாத். அவர்கள் வாசலில் நின்ற நேரமும் இயந்திரம் வெளியுலகத்தை அழைக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன. ஆளில்லாத அறையில் எண் சுழன்றது. கிறீச்சென்று ஓர் ஓலம் எழுந்தது.

சாய்நாத் படிக்கட்டில் இரண்டு படி இறங்கிவிட்டான். "சார், உள்ள ஆளே இல்ல. இன்னாமோ கத்திக்கினு கீது சார்!"

"மோடம்டா. அது கத்தித்தான் பேசும்."

"கத்துறது ஓகே சார். யாராண்ட கத்துது?"

சமையலறையிலிருந்து வந்து நின்ற வஜீஹாவை ராஜகோபாலன் பார்த்தார். "கருவியை யாரும்மா தொடறது?"

"நான்தாங்க. அவரு போனதிலேருந்து நான்தான் பாத்துக்கறேன்."

"உரிமதாரர் தவிர வேற்று நபர் தொடப்படாதும்மா."

"உரிமதாரர் மௌத்தாயிட்டாரே சார். நான் அவரு பொண்டாட்டி."

"அது உங்காத்து விஷயம். ஃபைல்ல அவர் இருக்கார். நீங்கதான் ஃபைல்ல இல்லை." சொன்னவருக்கே அது எப்படியோ பட்டிருக்க வேண்டும். சாக்பீஸ் எடுத்து, இயந்திரத்தைச் சுற்றி ஆறடி அளந்து தரையில் ஒரு கோடு போட்டார். "உரிமதாரர் வந்து உபயோகிக்கற வரைக்கும் நீங்க இந்தக் கோட்டைத் தாண்டப்படாது. பார்க்கலாம். பார்க்கறதுக்கு ரூல் இல்லை."

"மடல் வந்தா அச்சடிச்சுக் குடுக்கறது?"

"அவர் குடுப்பார்."

வஜீஹா கோட்டுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டத்துக்குப் பயந்து வாழப் பழகிய நல்ல குடும்பத்துப் பெண். திரை ஒளிர்ந்தது. நாளுக்கு நான்கு முறை கணவரின் இயந்திரம் அவளைச் சட்டை செய்யாமல் யாரோடோ பேசியது. மதியத்து ஒரு வரியை அவளால் எழுத முடியவில்லை. உள்ளே ஒருவர் குடியிருக்கிறார், அவள்தான் ஆவியாக வெளியே உலவுகிறாள் என்று தோன்றத் தொடங்கியது.

ராஜகோபாலனின் அறிக்கை வாரியத்தைக் கலக்கியது. உரிமதாரர் இறந்ததாக ஒரு பெண் கூறுகிறாள். உரிமதாரரோ நாளும் பதிலளிக்கிறார். முரணைத் தீர்க்க வாரியத்தின் தலைவரே நேரடியாக விசாரிப்பது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை காலை தலைவரின் பெயரிலிருந்து மடல் போயிற்று: "தாங்கள் உயிருடன் உள்ளீரா?"

ஒரு நிமிடத்தில் நதீம் சொன்னார்: "கடுதாசி கிடைச்சுது. கொஞ்சம் கைவேலையா இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள பதில் போடறேன்."

ஒரு நிமிடத்தில் தலைவர் சொன்னார்: "தங்கள் மடல் பெறப்பட்டது. ஆவன செய்யப்படும்."

ஒரு நிமிடத்தில் நதீம் தமக்குக் கைவேலை இருப்பதாகச் சொன்னார். ஒரு நிமிடத்தில் தலைவர் ஆவன செய்யப்படும் என்றார்.

அது நிற்கவில்லை. சோற்று வேளையிலும் தொழுகை வேளையிலும் நிற்கவில்லை. மாடி வீட்டுத் தொலைபேசி மூன்று நாள் இடைவிடாமல் பிடிபட்டுக் கிடந்தது. வாரியத்தின் மடல்களுக்கே முதலிடம் என்ற விதிப்படி அவை வரிசையின் தலையில் ஏறிக்கொண்டேயிருந்தன; இருபத்து நான்கு வீடுகளின் மடல்களும் வாலில் நின்றன. அடையாற்றிலோ மகிழ்ச்சி. உயர்மட்டப் பேச்சுவார்த்தை சுமுகமாகத் தொடர்கிறது என்று ஜெயலக்ஷ்மி அறிவித்தார். ஒவ்வொரு மடலும் அச்சாகி, துளையிடப்பட்டு, சிவப்பு நாடாவில் கட்டுக் கட்டாக ஏறியது.

வரிசையின் வாலில் நின்றவற்றுள் ஒன்று, வஜீஹா அக்கா முறையில் 'ஆபா' என்று அழைக்கும் கீழ்வீட்டு ஜமீலுன்னிசாவுக்கு வர வேண்டிய மடல். அவளுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. புதன் பகல் இரண்டு மணிக்குள் போய்ப் படுத்தாக வேண்டும். தப்பினால் அடுத்த முறை எப்போதென்று டாக்டர் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அவளோ ஒரே மகன் உமர் ஃபாரூக் சவூதியிலுள்ள தம்மாமிலிருந்து ஒரு வார்த்தை எழுதாமல் படுக்க மாட்டேன் என்றிருந்தாள். அவன் தங்கியிருந்த இடத்தில் தொலைபேசி கிடையாது. அலுவலகக் கணிப்பொறியில்தான் எழுதுவான்.

புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு அவள் கைப்பையோடு மாடியேறி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வஜீ, வந்துச்சாமா?"

"இல்ல ஆபா."

"'போய்ப் படும்மா, நான் வரேன்'னு ஒரு வார்த்தை போதும்டி. கண்ணு முழிக்காமயே போயிட்டா, புள்ளைகிட்ட சொல்லிக்காம போனவளா ஆயிடுவேனே."

"டாக்டரு சொன்ன நேரத்துக்கு நீங்க போயிடுங்க ஆபா. வந்தா நான் ஓடியாறேன்."

"வராம போக மாட்டேன். கீழ ஆட்டோவை நிறுத்தி வச்சிருக்கேன். ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன்." படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள்.

வஜீஹா முக்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். தலைவர். நதீம். தலைவர். நதீம். தலைவரின் மடல் ஒவ்வொன்றும், வைகறையில் வந்ததும் சோற்று வேளையில் வந்ததும், மிகச் சரியாக ஒரு நிமிடம் கழித்தே வந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்தை அவள் அறிவாள். ஏழு மாதம் அதில்தான் குடியிருந்தாள்.

அந்நேரம் ராஜகோபாலனும் சாய்நாத்தும், பேச்சுவார்த்தையின் இங்குள்ள பிரதிகளைச் சரிபார்க்க வந்து சேர்ந்தார்கள்.

"சார், உங்க சேர்மனைக் கடைசியா எப்ப பாத்தீங்க?" என்றாள் வஜீஹா.

"தினம் பார்க்கறேனே அவர் ஆர்டரை."

"மூஞ்சிய."

ராஜகோபாலன் விதிப்புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மூணு வருஷமா காலம்பற காபி கொண்டு வைக்கறேம்மா. சாயங்காலம் போய் எடுத்துண்டு வரேன். மேல படிஞ்ச பாலாடை கலையாம அப்படியே இருக்கு. ரூம்ல ஃபேன் ஓடிண்டிருக்கும். சுத்தமான ரூம். யார்கிட்டயும் சொன்னதில்லை. ஆர்டர்தான் தவறாம வந்துண்டிருக்கே!"

"நான் அப்பவே சொல்லல சார்!" என்றான் சாய்நாத், சுவரோடு ஒட்டிக்கொண்டு. "அந்த ரூமு பக்கம் போனாலே முதுகுல ஜில்லுன்னு கீதுன்னு?"

"அப்ப அதை நிறுத்துங்க சார். ரெண்டு மிஷினும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லிட்டிருக்கு. கீழ ஒரு பொம்பள உயிரு நிக்குது."

"அவரை நிறுத்தணும்னா அவரோட ஆர்டர் வேணும்மா."

"எழுதிக் கேளுங்க."

"நேத்தே கேட்டோம்."

"என்ன சொன்னாரு?"

"ஆவன செய்யப்படும்னு," என்றார் ராஜகோபாலன்.

வஜீஹா எழுந்தாள். கணவரின் நிரலில் அவள் அறிந்தது ஒன்றுதான்: அந்தப் பதில் இருக்கும் கோப்பை அழித்தால் அது வாயடைக்கும். பிப்ரவரியில் நதீமின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியபோது, அவள் இந்த ஜன்னலில் நின்றதோடு சரி. அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ஒரு பிடி மண் போட அவளை யாரும் கேட்கவில்லை.

"மய்யத்தை வீட்டுல வச்சிக்கிட்டு ஏழு மாசம் பேசிட்டிருந்திருக்கேன் சார்," என்றாள். "எடுக்க வேண்டிய ஆம்பளைங்க யாரும் எடுக்கல. நானே எடுக்கறேன்."

"அம்மா, கோடு! கோடு!" என்றார் ராஜகோபாலன்.

அவள் கோட்டை மிதித்து உள்ளே போனாள். வெறுங்காலில் சுண்ணத்தூள் ஒட்டியது. கோப்பைத் திறந்தாள். இரண்டே வரி. எழுதிய நேரம், பிப்ரவரி மாதத்துக் காலை ஒன்பது நாற்பது. உதடு அசையாமல் ஒருமுறை படித்தாள். அழிக்கவா என்று இயந்திரம் கேட்டது. உறுதிதானா என்று மறுபடியும் கேட்டது. வாரியத்தைவிட அது எவ்வளவோ மரியாதை தெரிந்தது. உறுதிதான் என்று விசையை அழுத்தினாள்.

தலைவரின் அடுத்த மடல் வந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. யாரோ எழுந்து வெளியே போனாற்போல் அந்த மூலை வெறுமையாயிற்று. சாய்நாத்கூட அதை உணர்ந்து ஒதுங்கி வழி விட்டான்.

ராஜகோபாலன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார்: "உரிமதாரர் நதீம் இன்று பகல் 12.16 மணிக்குக் காலமானார். காரணம்: வேற்று நபர் தொட்டது." எழுதியதைப் படித்துப் பார்த்து, அடிக்கப் பேனாவைத் தூக்கினார். அடிக்கவில்லை. எழுதியதை அடிக்க விதியில்லை.

வரிசை நகர்ந்தது. மோடம் ஓலமிட்டது. மூன்று நாள் வாலில் நின்ற மடல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நாலாவது மடல் தம்மாமிலிருந்து. வஜீஹா அச்சடித்துக் கிழித்தாள்.

ராஜகோபாலன் வாசலை மறித்தார். குரலில் அதிகாரத்தைவிட மன்றாட்டு மிகுந்திருந்தது. "குடுக்கப்படாதும்மா. பன்னெண்டு பதினாறுக்கு லைசென்ஸ் செத்துப்போச்சு. புது லைசென்ஸ் உங்க பேருக்கு வர்ற வரைக்கும் இந்தக் காகிதம் யாரோட கைக்கும் போகப்படாது. அப்ளிகேஷன் போடுங்கோ, நானே மேல அனுப்பறேன்."

"மேல யாருகிட்ட சார்?"

அவர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.

வஜீஹா அவரைத் தள்ளவில்லை. திரும்பி ஜன்னலுக்குப் போய்க் கதவுகளை அகலத் திறந்தாள். கீழே ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜமீலுன்னிசா நின்றாள். டீக்கடையில் நாலைந்து பேர். சைக்கிளில் முட்டைத் தட்டு கட்டிய ஒருவன். ஏழு மாதமாக அந்த வீட்டுப் பெண்ணின் குரல் படிக்கட்டைத் தாண்டியதில்லை. இப்போது தெருவே அண்ணாந்தது.

"ஆபா! கேளுங்க! 'அம்மா, போய்ப் படுத்துக்கங்க. லீவு குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல நான் உங்க பக்கத்துல இருப்பேன். நீங்க கண்ணு முழிக்கறப்ப என் மூஞ்சிதான் தெரியும். பயப்படாதீங்கம்மா...'"

பின்னால் விதிப்புத்தகத்தின் தாள்கள் படபடவென்று புரண்டன.

"சார், தொண்டைக்கு லைசென்சு கீதா சார்?" என்று சாய்நாத் கேட்பது காதில் விழுந்தது.

"தேடறேண்டா, இரு."

கீழே ஜமீலுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே தலை நீட்டினான். "இன்னொரு தபா படி பாயம்மா! வண்டி சத்தத்துல இவங்களுக்குப் பாதி கேக்கல!"

வஜீஹா காகிதத்தை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தாள்.